அக்காவின் வலது காலும் பிரேக் இல்லாத படகும்

அன்றைக்கு அவலூர்பேட்டை சாலையில் மாடு குறுக்கே வந்தபோது பிரேக் போட்டது நானா, அக்காவா?

வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி நின்றது, அதில் சந்தேகமில்லை. மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் எதிர்ப்பக்கப் புளியமர நிழலுக்குப் போனது. என் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. பக்கத்து இருக்கையில் அக்காவின் வலது காலும் பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஓட்டுநர் பயிற்சிக் கார் என்பதால் இருவர் காலடியிலும் பெடல்கள் உண்டு. எந்தக் கால் முதலில் இறங்கியது என்று கேட்டேன்.

"வண்டி நின்னுச்சில்ல? அப்புறம் இன்னா ஆராய்ச்சி? கியரப் போடு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு லைசென்ஸ் வந்தது. ஆனால் தனியாக நான் காரை எடுக்கவில்லை. என் கணவருடைய கார் வாசலிலேயே நின்றது. மகள் இனியாவை ஆட்டோவில்தான் பள்ளிக்கு அனுப்பினேன். கற்றுக்கொண்ட நாட்களில் ஒழுங்காக நின்ற இடங்களில் எத்தனை என்னுடையவை, எத்தனை அக்காவுடையவை என்று தெரியாமல் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவது? இதை என் கணவரிடம் சொன்னபோது, "கணக்கு படிச்சவங்களக் கட்டினா இப்படித்தான்" என்று சிரித்தார். நான் எம்.எஸ்சி. கணக்கு. இனியா பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தவள். கேஸ் அடைத்தேனா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வருபவளும்கூட.

அக்கா எங்கள் வீட்டுக்காரர். செங்கம் சாலையிலிருந்து பிரிந்து போகும் தெருவில் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே அவர் வீடு. முன்னறையில் அவருடைய டிரைவிங் ஸ்கூல். அதைத் தொடங்கியவர் அவர் கணவர். அவர் இறந்த பிறகு, பூட்டிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தபோது, அக்கா இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய வயது. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மாணவர் தப்பு செய்தால் திட்ட மாட்டார். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். அதற்குத் திட்டே தேவலாம்.

அவரைத் தெரிந்த யாரும் முதலில் சொல்வது அந்த வலது காலைப் பற்றித்தான். எந்த வண்டியில் ஏறினாலும் அது இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். வேலூர் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து அழுத்தி அழுத்தி ஒருமுறை செருப்பு வாரையே அறுத்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் போனால் டிரைவர் முதுகுக்குப் பின்னால் தகரத்தில் உதை விழும். "யக்கா, பின்னால இருந்து உதைக்காதக்கா, வண்டி என்னுது" என்று ஆட்டோக்காரர்கள் கத்துவார்கள். இனியா ஊஞ்சல் ஆடும்போது தின்பண்டத் தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். ஊஞ்சல் மேலே போகும்போதெல்லாம் கட்டைவிரல் மடங்கும்.

தீபத் திருவிழாவில் பெரிய தேர் வரும் நாளன்று நாங்கள் ஒரே இடத்தில் நின்று பார்த்தோம். அத்தனை கூட்டமும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாமலையாருக்கு அரோகரா போட்டுக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான். ஒருவர் சக்கரத்தின் வாய்க்குள் போவதுபோல் கட்டையை வைத்துவிட்டுக் கையை உருவினார். அக்காவின் கால் என் காலை மிதித்தது.

"சாமியப் பாருங்கக்கா."

"சாமிய எல்லாரும் பாத்துக்கறாங்க. இவங்கள யார் பாக்கறது? இழுக்கறதுக்கு ஊரே இருக்குதும்மா. நிறுத்தறதுக்கு நாலு பேருதான்" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மோட்டார் படகு வாங்கினார்.

அதுவும் பழைய படகு. கடற்கரைப் பக்கம் ஒருவர் புதிதாக வேறொன்று வாங்கியதால் இதை விற்றார். நீலமும் வெள்ளையும் கலந்த ஃபைபர் படகு. பின்னால் கழற்றி மாட்டும் மோட்டார். தெருவே கூடிவிட்டது. மினி லாரியின் மேல் அது வாசலில் வந்து நின்றபோது பக்கத்து வீட்டு மளிகைக்காரர், "இன்னாம்மா, கிரிவலப் பாதையில தண்ணி வந்துடுச்சா? மலைய போட்லயே சுத்தப் போறியா?" என்று கேட்டார்.

"தம்பிக்கு" என்றார் அக்கா. அவருடைய தம்பி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகை எடுத்திருந்தார். உண்மையில் தம்பிக்கு அந்தப் படகு தேவையே இல்லை. வலை விரிக்க அவரிடம் பரிசல் இருந்தது. "எனக்கெதுக்குக்கா இது? மோட்டார் சத்தத்துக்கு மீனெல்லாம் ரயிலேறிப் பூடும்" என்று அவர் என் முன்னாலேயே சொன்னார். அக்கா கிராம்பை மாற்றினார். தம்பி வாயை மூடிக்கொண்டார்.

புதிதாக எந்த வண்டி வாங்கினாலும் எங்கள் ஊரில் கோவில் வாசலில் பூஜை போட்டுத்தான் எடுப்போம். பழைய வண்டியானாலும் நமக்குப் புதிது என்பதால் பூஜை உண்டு. லாரியோடு படகைக் கொண்டுபோய் ராஜகோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினோம். குருக்கள் சந்தனம் வைத்தார், மாலை போட்டார், கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழங்களைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, பழத்த எங்க வைக்கறது? இதுக்குச் சக்கரமே இல்லையே."

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "என் சக்கரத்துக்கு வைங்க சாமி. எப்படியும் நான்தான் தூக்கிக்கினு போறேன்."

"ஆசையப் பாரு! பூஜை எனக்கு, பலன் உனக்கா?" என்று அக்கா பழங்களை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஏரிக்கரையில் படகைத் தள்ளி இறக்கும்போது அதன் மூக்குக்கு அடியில் சரியாக அவற்றை வைத்து நசுக்கினார். நசுங்காமல் ஒன்று தண்ணீரில் உருண்டு மிதந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

படகை விற்றவர் கூடவே வந்திருந்தார். ஓட்டிக் காட்டிவிட்டு அன்றே ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. இந்தக் கயிற்றை இழுத்தால் மோட்டார் ஓடும், இந்தக் கைப்பிடியை முறுக்கினால் வேகம், இது முன்னால் போக, இது பின்னால் போக என்று மளமளவென்று சொன்னார். சுருள் சுருளான ஒரு சிவப்புக் கயிற்றைக் காட்டினார். ஒரு முனை மோட்டாரில் மாட்டியிருக்கும். மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிரேக் எங்க?" என்றார்.

"போட்டுக்கு ஏதும்மா பிரேக்கு?"

"அப்போ எப்படி நிக்கும்?"

"கரை வர்றதுக்கு முன்னாடியே வேகத்த விட்ருங்க. தண்ணியே புடிச்சு நிறுத்திக்கும்."

"எவ்ளோ முன்னாடி?"

அவர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது தோணும்மா."

அக்காவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வீடு திரும்பும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "தோணுமாம். தோணும்! ஸ்கூல்ல சேர்ற பொண்ணுங்ககிட்ட நான் அப்படிச் சொன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல உக்காத்தி வெச்சி உரிச்சிட மாட்டாங்க என்ன?"

ஆனாலும் ஓட்டக் கற்றுக்கொள்வதில் பிடிவாதமாக இருந்தார். நாள் குறிப்பதும் சுலபமாக இருந்தது. பௌர்ணமி வந்தால் கிரிவலம் வருகிறவர்களால் ஊர் நிறைந்துவிடும். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பயிற்சிக் காரைத் தெருவிலிருந்து எடுக்கவே முடியாது. அதனால் டிரைவிங் ஸ்கூலுக்குப் பௌர்ணமி தோறும் விடுமுறை. லட்சம் பேர் மலையைச் சுற்ற உள்ளே வரும்போது நாங்கள் எதிர்த் திசையில் ஏரிக்குக் கிளம்புவோம். காலையில் போய், கூட்டம் அதிகமாகும் முன் மாலைக்குள் திரும்பிவிடுவோம். துணைக்கு என்று என்னைக் கூப்பிட்டார். இனியாவை விட்டுவிட்டு வர முடியாது என்றேன். "அவள யாரு விடச் சொன்னா?" என்றார்.

அப்போது இனியாவுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. நான் இணையத்தில் அவள் அளவுக்கு மிதவைச் சட்டை வாங்கினேன். அது வந்ததும் விமர்சனங்களைத் திரும்பப் படித்துப் பயந்து, இன்னொன்று வாங்கினேன். வீட்டுத் தொட்டியில் இரண்டையும் மிதக்கவிட்டுப் பார்த்தேன். அப்படியும் முதல் சில தடவைகள் அவளைக் கரையிலேயே, தம்பியின் மனைவியிடம் விட்டிருந்தேன். அவள் அழுகை நடு ஏரிவரை கேட்கும்.

படகில் அக்கா மிக மோசமான மாணவி. பல வருடம் காரில் பழகிய கைகள். படகில் ஸ்டியரிங் கிடையாது. பின்னால் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைத் தள்ள வேண்டும். இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். அக்காவின் கை அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "லெஃப்ட்ல போறேன் பாரு" என்று அறிவித்துவிட்டு நேராக வலது பக்கம் போய், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களுக்குள் புகுந்துவிடுவார். கூடு கட்டியிருந்த நாரைகளும் நீர்க்காகங்களும் எழுந்து எங்களைத் திட்டும். கரையிலிருந்து தம்பி, "யக்கா, மீனத்தான் தொரத்தறேன்னு பாத்தா கொக்கையுமா?" என்பார். அக்கா கால் அடித்தளத்தைத் தொம் தொம் என்று மிதிக்கும். படகு அது பாட்டுக்குப் போகும்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே இடது வலது குழப்பம். காரில் அக்கா எனக்காகவே "வாட்ச் பக்கம் திரும்பு", "வளையல் பக்கம் திரும்பு" என்று சொல்வார். படகில் என் குழப்பம் யாருக்கும் தெரியவில்லை. ஒருமுறை அவர் அலுத்துப்போய்க் கைப்பிடியை என்னிடம் தந்தபோது அது நான் நினைத்த பக்கம் போயிற்று. எனக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். அப்போதும் போயிற்று.

அக்கா கிராம்பை மாற்றவில்லை. "அடிப்பாவி" என்றார். "இனிமே நீ ஓட்டு. நான் முன்னால உக்காந்துக்கறேன்." எழுந்து போய் முன்பலகையில், இடது பக்கமாக, காரில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். கால் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அதன் பிறகுதான் இனியாவை ஏற்றினேன். நடுப்பலகையில் அவள். பின்னால் நான், இடது கையில் கைப்பிடி. சிவப்புக் கயிற்றை அக்கா என் வலது மணிக்கட்டில், வளையலுக்கு மேலே கட்டிவிட்டார். புறப்பட்டதும் இனியா தண்ணீரைத் தொடக் குனிந்தாள். என் வலது கை தானாகப் போய் அவள் சட்டையைப் பிடித்தது. கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிட்டது.

மறுபடி கயிற்றை மாட்டி, மோட்டாரைக் கிளப்பினேன். இனியா நாரையைப் பார்க்கத் திரும்பினாள். கை போயிற்று. மோட்டார் நின்றது. அவள் தும்மினாள். நின்றது. அன்று முழுக்க இதே கதை. பிள்ளையைத் தொட்டால் படகு நின்றுவிடும். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரேக் இல்லன்னான் பாரு அந்த ஆளு. இதுக்கு உன்னவிட நல்ல பிரேக்கு எங்க கெடைக்கும்?"

கயிற்றை வேறு கையில் மாற்றிக் கட்டியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது அந்தக் கையில்தான் வேண்டும் என்று எனக்கே இருந்தது. அவள் ஆடினால் எல்லாம் நின்றுவிடும் என்பதில் ஒரு நிம்மதி.

அந்த வருடம் மழை ஜாஸ்தி. ஐப்பசி முடிவதற்குள் ஏரி நிரம்பிக் கோடி போனது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கரையில் ஒரு ஓரமாகத் தாழ்வாகக் கல் கட்டியிருப்பார்கள். அதன் மேல் தண்ணீர் புரளத் தொடங்குவதைத்தான் கோடி போவது என்பார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு கோடி போனதால் ஊர்க்காரர்கள் மேளத்தோடு வந்து பூத் தூவி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். நாங்கள் போனது அந்தப் பௌர்ணமியன்றுதான். கோடிப் பக்கம் போகக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தார். நாங்களும் வெகுதூரம் தள்ளித்தான் இருந்தோம்.

மேளச் சத்தம் கேட்டு இனியா பலகைமேல் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தாள். என் கை போயிற்று. மோட்டார் நின்றது.

வழக்கம்போல நான் கயிற்றை மாட்டினேன். கிளப்பும் கயிற்றை இழுத்தேன். மோட்டார் இருமிவிட்டு அடங்கியது. இன்னொரு தரம் இழுத்தேன். இல்லை. அதற்குள் காற்று எங்களைத் தள்ள ஆரம்பித்திருந்தது. மோட்டார் ஓடாத படகை எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பாது என்பது எனக்கு அன்றுதான் உடம்பில் உறைத்தது. காற்று கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து, கோடிக்கு ஓடும் தண்ணீரே இழுத்தது. மேளம் கிட்டத்தில் கேட்டது. கோடியில் நின்றவர்கள் முதலில் கைதட்டினார்கள், பூஜைக்குப் படகும் வருகிறது என்று. பிறகு யாரோ, "ஏம்மா, திருப்பு! திருப்பு!" என்று கத்தினார்.

மோட்டார் பிடித்துக்கொண்டது. நான் கைப்பிடியை வளைத்தேன். படகு குறுக்காகத் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. இனியா "அம்மா" என்று எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள்.

என் வலது கை கிளம்பிவிட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கயிறு விறைத்து நின்றதும் நினைவிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நீட்டினால் அவள் என் கையில். மோட்டார் நின்றுவிடும். அப்புறம் கோடி.

அப்போது அக்கா முன்பலகையிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. அந்த வலது முழங்காலை ஊன்றி அடித்தளத்தில் மண்டியிட்டு, இனியாவை இடுப்போடு சேர்த்துத் தன் மடியில் அமுக்கிக்கொண்டார். கோடிக்கு முதுகைக் காட்டி, என் முகத்தைப் பார்த்தபடி. எந்த வண்டியிலும் முன்னால் வரும் சாலையைப் பார்க்காமல் ஒரு நொடிகூட உட்கார்ந்தறியாதவர்.

"பாப்பா என்கிட்ட இருக்குது" என்றார். "எனக்கு இங்க பெடல் ஒண்ணும் கெடையாதும்மா. உன்கிட்டதான் இருக்குது. நீ ஓட்டு."

நான் கையைப் பின்னால் இழுத்துத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். என் பிள்ளை என்னைப் பார்த்து அழும்போது அவளைத் தொடாமல் இருந்தேன். கைப்பிடியை முழுக்க முறுக்கினேன். சிறிது நேரம் படகு நகர்ந்ததாகவே தெரியவில்லை. மோட்டார் கத்தியது, கரையிலிருந்த அதே கல் அதே இடத்தில் இருந்தது. பிறகு அந்தக் கல் மெல்லப் பின்னால் போனது. மேளம் பின்னால் போனது. அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்டவர் காலால் எதையும் மிதிக்கவும் முடியாது.

கரை தெரிந்ததும் வேகத்தை விட்டேன். எவ்வளவு முன்னால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படகு தானாகப் போய், தம்பி நின்ற இடத்தில் சேற்றை மெதுவாகத் தொட்டு நின்றது. இறங்கியவுடன் இனியா, "அம்மா, இன்னொரு ரவுண்டு?" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பிதான் அக்காவைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. அன்று கரையில் உட்கார்ந்து அதற்கு ஈரத்துணி சுற்றும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பல வருடமாகப் பெடலை மிதித்து மிதித்து அந்த மூட்டு தேய்ந்துவிட்டதாம். இனிமேல் பயிற்சிக் காரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் படகை வாங்கியிருக்கிறார்.

"காலுக்கு வேலையே இல்லாத வண்டி ஒண்ணு வேணும்னு பாத்தேன்" என்றார். "சனியன், இதுலயும் மிதிக்குது."

"தம்பிக்குன்னு சொன்னீங்க?"

"தோ நிக்கிறான் பாரு தம்பி, படகே வேணாம்னு. அவனுக்கு வாங்குவேனா?"

நல்ல நேரம் பார்த்து நான் கேட்டேன். "அக்கா, அன்னிக்கி அந்த மாடு குறுக்க வந்தப்போ..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்பியிடம் டீ கேட்டார்.

மறுநாள் நான் காரை எடுத்தேன். இனியாவைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்குப் போனேன். கீழே வாசலில் அக்கா கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் நான் வண்டியை நிறுத்தித் திரும்பினேன். கேஸைப் பார்க்க இல்லை. அவருக்குக் கை காட்ட.

அடுத்த வருடமே டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு ஓசூரில் வேலை பார்க்கும் தன் மகனோடு இருக்கப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நானும் இனியாவும் போயிருந்தோம். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. கால் என்ன செய்தது என்று பார்க்க முடியவில்லை.

படகு இன்னும் அந்த ஏரியில்தான் இருக்கிறது. இப்போதும் சில பௌர்ணமிகளில் போகிறோம். இனியாவுக்குப் பத்து வயதாகிறது. முன்பலகைக்குக் கீழே, இடது பக்கத்தில், குதிகால் அளவுக்குப் பெயின்ட் தேய்ந்து போயிருக்கிறது. போன தடவை சும்மா அங்கே உட்கார்ந்து பார்த்தேன். என் வலது கால் நேராக அந்தத் தேய்ந்த இடத்தில் போய் நின்றது.

வரும் பௌர்ணமியன்று தான்தான் ஓட்டுவேன் என்கிறாள் இனியா. கைப்பிடியும் அவளிடம், சிவப்புக் கயிறும் அவள் கையில். தம்பி சரி என்றுவிட்டார். இந்த வருடம் ஏரியில் தண்ணீர் கம்மி, பயமில்லை என்கிறார். என் கணவரும் சரி என்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. முன்பலகையில் உட்கார்ந்தால் என் கால் சும்மா இருக்காது. அந்தத் தொம் தொம் அவளுக்குக் கேட்கும். படகை நிறுத்தியது தானா, அம்மாவா என்று அவள் வாழ்நாளெல்லாம் யோசிப்பாள். கரையில் நின்றால், தடுமாறும் நேரத்தில் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்ளப் படகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நேற்று அக்காவுக்கு போன் போட்டேன். மாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டேன். படகில் ஏறட்டுமா, கரையில் நிற்கட்டுமா, எந்த வயதுவரை கூட உட்கார வேண்டும் என்று.

அவர் யோசித்தார். கிராம்பு கன்னம் மாறும் சத்தம் போனில் கேட்டதுபோல் இருந்தது.

"அது தோணும்மா" என்றார்.

எனக்கு இன்னும் தோன்றவில்லை. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். பௌர்ணமிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. நான் எங்கே உட்காரட்டும்?